காது தெரிந்த மாதம்

கொமுகியின் அம்மாவுக்கு முகம் கிடையாது, முதுகுதான் உண்டு. சமையலறைத் தொட்டியின் முன்னால் எப்போதும் திரும்பி நின்றிருப்பாள். இடது பக்கம் சரிந்த ஏப்ரன் முடிச்சு, கொண்டையில் செருகிய பென்சில். கொமுகி பள்ளியிலிருந்து ஓடிவந்து எதைக் கேட்டாலும் அந்த முதுகுதான் பதில் சொல்லும். 'ஓடைக்கரை வீட்டுக் கொமுகி' என்ற அந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, மாதா மாதம் வந்துகொண்டிருந்த காலத்தில், அது கிடக்காத முடிதிருத்தும் கடையோ பல் வைத்தியர் வீடோ டோக்கியோவில் கிடையாது.

தொடக்கத்தில் அவளுக்கும் முகம் இருந்தது. வட்டமான முகம், கோபம் வந்தால் புருவம் இரண்டும் நெற்றியைத் தாண்டி மேலே எழும்பி நிற்கும். ஒரு மாதம் திரும்பி நின்றவள்தான், தொடர் முடிகிறவரை முகம் காட்டவில்லை. வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு இதழில் மட்டும் தலை லேசாகச் சாய்ந்து ஒரு காது தெரிந்தது. அதற்கு 'காது மாதம்' என்று பேரே வைத்து, பழைய புத்தகக் கடைகளில் அந்த இதழைத் தேடி அலைகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேலையற்ற வேலை என்று சிரிக்கலாம். ஆனால் பிடித்துப்போன கதையின் மேல் மனிதர்களுக்கு இருக்கிற பாசம் அப்படித்தான்.

சியோரிக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. கொமுகியே அவள்தான். கொமுகியை வரைந்த வகாமியா குனிஹிகோ அவளுடைய அப்பா. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா தொமோயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாள். அந்த மாதம்தான் கதையிலும் அம்மா திரும்பிக்கொண்டாள். போனவள் மேலிருந்த ஆத்திரத்தை அப்பா அப்படித் தீர்த்துக்கொண்டார் என்றுதான் சியோரி நாற்பது வருஷமாக நம்பிவந்தாள். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் புரிகிற மாதிரி சொல்லியும் இருந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் வீட்டில் யார் தும்மினாலும் அது அடுத்த மாதம் அச்சில் ஏறிவிடும். பள்ளியில் சேர்ந்த நாளன்று சியோரி விழா மேடையிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டது வந்தது. அவள் முன்பல் விழுந்தது வந்தது. அவள் பெரியவளான அன்று அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்கு ஓடி, எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, சிவப்புப் பயறு போட்ட சோறு வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். அடுத்த மாதம் கொமுகியும் சிவப்புச் சோறு சாப்பிட்டாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதற்காம். வகுப்புப் பெண்கள் என்ன காதில் பூவா வைத்திருந்தார்கள்? அன்றைக்குக் கழிப்பறையில் போய் ஒளிந்த சியோரி மணி அடித்த பிறகும் வெளியே வரவில்லை. அம்மாவின் காது தெரிந்ததும் அதே இதழில்தான். நாடே காதைப் பார்த்தது, சியோரிக்குச் சோறு மட்டும்தான் தெரிந்தது.

பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்தாள். அப்பாவின் கைதான் அவளுக்கும் வாய்த்திருந்தது, அதை என்ன செய்ய முடியும்? வேறு பெயரில் பெண்கள் பத்திரிகைகளுக்குச் சமையல் மங்கா வரைந்து பிழைத்தாள். அப்பா இறந்த பிறகு, டோக்கியோவில் நெரிமாவிலிருந்த அந்த வீடு அவள் தலையில் விழுந்தது. வீட்டோடு கொமுகியும் வந்து சேர்ந்தாள்.

நிஷிகாதா என்ற இளைஞர்தான் பத்திரிகையின் சார்பில் வந்து, கொமுகிக்கு இரண்டாம் பாகம் வரைந்து தரச் சொன்னார். சின்ன வயதில் கொமுகியைப் படித்து வளர்ந்தவர், அந்தப் பேச்சை எடுத்தாலே கண் கலங்கிவிடுவார். அவர் கேட்ட கதை இதுதான்: ஐம்பதை நெருங்கும் கொமுகி, அப்பா இறந்ததும் ஓடைக்கரை வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். குடும்பம் விட்டுச்சென்றதை எடுத்து ஒழுங்குபடுத்துகிறாள், மனக்காயம் ஆறுகிறது. 'மனக்காயம் ஆறுவது' என்பதை நிஷிகாதா வாய்க்கு வாய் சொன்னார். மருந்துக் கடைக்காரர்கூட அத்தனை தரம் சொல்ல மாட்டார். சியோரி ஒப்புக்கொண்டாள். காயம் ஆறும் என்று நினைத்தல்ல. கடைசி வார்த்தை இந்த முறை தன்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் பேனாவை எடுத்தாள்.

முதல் சில பகுதிகள் வந்தன. வாசகர்கள் கொமுகியை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டைத்தான் ஏற்கவில்லை. ஜன்னல் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆனால் யாரும் குடியிருக்காத வீடு மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். சொன்னதில் தப்பில்லை. அப்பா காலத்துச் சமையலறையை இடித்துக் கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தால் எங்கிருந்து உயிர் வரும்? இந்தத் தொழிலில் ஆட்களும் முகமும் ஆசிரியர் வேலை, வீடும் தெருவும் மழையும் மரமும் உதவியாளர் வேலை. அந்த வீட்டைத் தொடக்கத்தில் வரைந்தது தொமோயே. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் மங்கா வரைந்து பரிசு வாங்கியவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு ஜன்னலும் அடுப்பும் வரைந்தாள்.

அம்மா உயிரோடு, தெம்போடு, ஹிமியில் கடலோரத்தில் தன் அக்காவின் உலர்மீன் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நிஷிகாதா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அவரைக் கூப்பிட்டு வரையச் சொல்லலாமே என்றார். நிஜ அம்மா திரும்பி வருவது பத்திரிகைக்கு எவ்வளவு நல்லது என்று அவர் சொல்லவில்லை, காது சிவந்ததில் தெரிந்தது. சியோரி முதலில் முடியவே முடியாது என்றாள். பிறகு ஒரு யோசனை வந்தது. யோசித்துவிட்டு, வரச் சொல்லுங்கள் என்றாள்.

யோசனை இதுதான். முதல் தொகுப்பின் கடைசிப் பகுதிக்குப் பென்சில் வரைவு தயாராக இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கொமுகியின் அம்மா தொட்டியிலிருந்து திரும்புகிறாள். முகம் முழுக்கக் கண்ணீர். "மன்னிச்சுடு" என்கிறாள். உதவியாளர் என்றால் வரைவு முழுவதையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அம்மா அதைப் பார்க்கும்போது தான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சியோரி ஆசைப்பட்டாள். அந்த வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வர வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் தொமோயே வந்து சேர்ந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணியில் கட்டிய உலர்மீன், அதற்குள்ளேயே பேனா முட்கள் போட்ட ஒரு தகர டப்பா. எழுபதைத் தாண்டியவள், ஆனால் முதுகு வளையவில்லை. வாசலில் நின்று, மகளைப் பார்ப்பதற்கு முன் முற்றத்தைப் பார்த்தாள்.

"பேரி மரம் எங்க?"

"வெட்டியாச்சு. நீங்க போன பிறகு ரொம்ப நாள் இருந்துச்சு."

"இப்போ வர்ற கதையில மரம் இருக்கே. இல்லாத மரத்தை வரைஞ்சா நிழல் எந்தப் பக்கம் விழும்னு உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு இடத்துல தப்பாப் போட்டிருக்க."

நாற்பது வருஷத்துக்குப் பிறகு தாயும் மகளும் பேசிய முதல் பேச்சு இதுதான். சியோரி விருந்தாளிக்கு வைக்கிற செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே அப்பாவின் படம் வைத்த சிறு பூஜை மாடத்தைப் பார்த்ததும் தொமோயே நின்று, தூரத்திலிருந்தே தலையைக் குனிந்து, அப்புறம் வருகிறேன் என்று படத்திடம் சொல்லிவிட்டு வேலை மேஜைக்கு வந்தாள்.

வரைவை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சியோரி தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்தது. தொமோயே அதைக் கொஞ்சம் எட்டப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு, மழையைக் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி வரையவா, சாரலாகப் போடவா என்று கேட்டாள். சியோரி கோப்பையை மேஜையில் ணங்கென்று வைத்தாள். சொட்டட்டும் என்றாள்.

ஆனால் அந்தக் கை வரைந்ததைப் பார்க்கப் பார்க்கக் கோபத்தைப் பிடித்துவைப்பது கஷ்டமாக இருந்தது. தொட்டிக்கு மேலே வளைந்த ஆணி. அதில் வடிகட்டி மாட்டியிருக்கும், ஆணி ஏன் வளைந்தது என்றால் ஒரு நாள் சியோரி அதைப் பிடித்துத் தொங்கினாள். ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கர், கிழிந்தது போக மீதி ஒரு முயல் காது. எந்தப் பழைய இதழிலும் இவை இல்லை. கதையில் வராத இதெல்லாம் தொமோயேயின் கைக்குள்ளேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது. அன்று மாலைக்குள் படத்திலிருந்த வீட்டுக்கு ஆள் குடிவந்துவிட்டது.

மறுநாள் மதியம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் சியோரி கொமுகியை மட்டும் மையில் போட்டிருந்தாள், மேஜையில் கன்னத்துக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். தொட்டியருகே அம்மா நிற்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. வரைவில் சுலபமாக வந்த முகம் மையில் வர மாட்டேன் என்றது. போட்ட முகமெல்லாம் அப்பா வரைந்த பழைய கேலிச் சித்திரமாகவோ, ரயிலில் பார்த்த ஏதோ கிழவியாகவோ வந்து நின்றது. தொட்டி, ஜன்னல், அடுப்பு மட்டும் போடுங்கள், ஆளை நான் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, தாளை அம்மாவிடம் தள்ளிவிட்டு, நிஷிகாதாவிடமிருந்து வந்த தொலைபேசியை எடுக்கப் போனாள். அவர் பேசினால் லேசில் விட மாட்டார்.

திரும்பி வந்தபோது தொட்டியும் ஜன்னலும் ஆகியிருந்தன. தொட்டிக்கு முன்னால் ஒரு முதுகு நின்றிருந்தது. சரிந்த முடிச்சு, கொண்டை, பென்சில். மை இன்னும் காயவில்லை.

தொமோயே பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"கை தானா போயிடுச்சு," என்றாள். "தொட்டிகிட்ட வெள்ளையா விட்டிருந்துச்சு. அது என் இடம்னு..."

சியோரி தாளைக் கையில் எடுத்தாள். நகல் என்றால் அவளுக்குத் தெரியும், அவளே எத்தனையோ நகல் எடுத்தவள். முடிச்சின் கீழே ஒரே இழுப்பில் இறங்கும் அந்தக் கோடு, கடைசியில் லேசாகத் தடித்து நிற்பது. பாயில் குப்புறப் படுத்து, மூக்கு தாளில் முட்ட அவள் வருஷக்கணக்காகப் பார்த்த அதே கோடு.

"இதை நீ வரைஞ்சியா?" 'நீங்க' போன இடம் தெரியவில்லை. "எல்லாத்தையும்? போனதுக்கு அப்புறமும்?"

தொமோயே பேனாவைத் துடைத்து வைத்தாள். ஆமாம் என்றாள். அப்பா மாதா மாதம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கூரியரில் ஹிமிக்கு அனுப்புவார், தொட்டியருகே வெள்ளை விட்டு. அவள் தன் முதுகை அதில் வரைந்து திருப்பி அனுப்புவாள். முகத்தை வரையக் கூடாது, இனி எந்தக் காலத்திலும் வரையக் கூடாது என்று வீட்டைவிட்டுப் போகும்போது அவள்தான் நிபந்தனை போட்டாள். பத்திரிகைக்காரர்கள் அவரை எவ்வளவோ நெருக்கினார்கள், அம்மா திரும்பும் இதழ் என்று விளம்பரம் போடலாம் என்றெல்லாம் கேட்டார்கள். அவர் அசையவில்லை.

"அப்போ அது அப்பாவோட கோவம் இல்லையா?"

"கோவமா? அந்த மனுஷனுக்கா?" தொமோயே மாடத்துப் பக்கம் பார்த்தாள். "எனக்குக் குடுத்த வாக்கு அது. அது ஒண்ணைத்தான் ஒழுங்காக் காப்பாத்தினார்."

எதற்காக அப்படி ஒரு நிபந்தனை என்று சியோரி கேட்டாள். பதிலுக்கு அம்மா, தர்பூசணிக் கதை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டாள்.

யாருக்குத்தான் ஞாபகமிருக்காது? கொமுகியின் அம்மா பாதி தர்பூசணியை ஒரே மூச்சில் தின்றுவிட்டு, வயிறு உப்பி, ஆம்புலன்ஸில் போய்த் திரும்புகிற பகுதி. கதையைப் படித்துத்தான் என்றில்லை, நிஜத்திலும் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை சியோரி பார்த்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை அம்மா தர்பூசணி தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். இந்த வயதிலும், கோடையில் தர்பூசணியைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வரும்.

"உனக்கு ஒரு தம்பி வர இருந்தான்டி. தங்கல." தொமோயே குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வீட்டுக்கு வந்து படுக்கையை விட்டு எழுந்த அன்னிக்கே உங்கப்பா, கதைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஒண்ணு வரைஞ்சு வேணும்னார். எதுக்குன்னு நான் கேக்கல. கேக்கற வழக்கமே இல்ல, அவர் சொல்வார், நான் வரைவேன். தரையில ஒவ்வொரு ஓடா வரைஞ்சேன். உங்கப்பா உக்காந்து அழுதாரே ஒரு பெஞ்சு, அதையும் வரைஞ்சேன். அந்த பெஞ்சுல அவரைத்தான் போடப்போறார்னு நெனச்சேன். புத்தகம் வந்து பாத்தா, அங்க நான். முழி பிதுங்கிக்கிட்டு, வாயிலேர்ந்து விதை பறக்க. கடைத்தெருவுல மீன்காரன் சிரிச்சுக்கிட்டே தர்பூசணி வேணுமான்னு கேட்டான்."

அன்றைக்கு சியோரியும் சிரித்திருந்தாள். வகுப்பில் அதை நடித்துக்கூடக் காட்டியிருந்தாள்.

"அவருக்கு அழத் தெரியாதுன்னு இல்ல," என்றாள் தொமோயே. "அழுகையை வெளியில விடறதுக்கு அவர்கிட்ட அந்த ஒரு வாசல்தான் இருந்துச்சு. அது எனக்கு அப்பவே புரிஞ்சது. புரிஞ்சாலும் இருக்க முடியல."

அவர் பாவம், இவள் பாவம், எல்லாரும் பாவம். நடுவில் ஒரு எட்டு வயதுப் பெண் இருந்தாளே, அவள்? இத்தனை காலம் அடக்கிவைத்தது சியோரிக்குப் பொங்கிவந்தது.

"மாசா மாசம் இந்தச் சமையலறைக்கு உன் முதுகு வந்துச்சு. நீ ஒரு தடவை வரல. தபால்ல வர்றதுக்கு வழி தெரிஞ்சவளுக்கு ரயில்ல வர்றதுக்கு வழி தெரியலையா?"

"வந்திருக்கணும்," என்றாள் தொமோயே. சாக்குச் சொல்லவில்லை. "முதல்ல வெக்கம். உங்கப்பா வீட்டுக்காரங்க, வந்து வந்து போனா குழந்தை குழம்பிடும்னாங்க, அது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அப்புறம் பயம், வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு. அந்தப் பக்கத்துல கொமுகியை முதல்லயே போட்டு அனுப்பிடுவார். பல்லு விழுந்திருக்கும். ஒரு மாசம் கண்ணாடி போட்டிருக்கும். சரி, நல்லாத்தான் இருக்கா, இது போதும்னு எனக்கு நானே சொல்லிப்பேன். சிவப்புச் சோறு வந்த மாசம் மட்டும்..."

நிறுத்திவிட்டு, தாளில் இருந்த முதுகின் மேல் விரலை வைக்காமல் வைத்தாள்.

"பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு. கணக்காம், நூறாம். என் பொண்ணு பெரியவளாயிட்டா, பக்கத்துல ஆம்பளையைத் தவிர யாரும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு முதுகை வரைய முடியல. திரும்பிடலாம்னு தலையை வரைய ஆரம்பிச்சேன். காது வரைக்கும்தான் வந்தேன்."

சியோரி அழுதாள். அப்பாவின் கொமுகி அழுவதுபோல் ஊற்றாகப் பீறிட்டு அல்ல, மூக்கு ஒழுக, அசிங்கமாக, ஐம்பதை நெருங்கும் பெண் அழுகிற மாதிரி அழுதாள். நாடே கூடிப் பார்த்த அந்தக் காதை, யாருக்காக அது திரும்பியதோ அவள் மட்டும் பார்க்கவில்லை. அந்த மாதம் அவளுக்குச் சோற்றைத் தவிர எதுவும் தெரியவில்லையே. தொமோயே எழுந்து வந்து அணைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தன் கைக்குட்டையை மேஜையின் குறுக்கே தள்ளினாள். அதில் உலர்மீன் வாசனை அடித்தது.

மூக்கைச் சிந்திவிட்டு சியோரி வரைவின் கடைசித் தாளைப் பார்த்தாள். அதிலிருந்த அம்மா கண்ணீரும் கம்பலையுமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை நீ நேத்தே பாத்த," என்றாள்.

"பாத்தேன். நல்லா வந்திருக்கு. அழற முகம் அப்படியே உங்கப்பா போடற மாதிரியே இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவள் தொழிலைப் பார்த்துச் சொன்னது. அதனால்தான் அது நேராகப் போய் இறங்கியது. அப்பா கேட்காமல் வரைந்தார். தானும் கேட்கவில்லை. அம்மாவை வரவழைத்து, அந்தத் தாளை முன்னால் வைத்து, முகம் மாறுகிறதா என்று தேநீர் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கிளம்பியவள், அப்பாவின் வார்த்தையையே தன் கையால் எழுதியிருந்தாள். கையோடு சேர்த்து இதையுமா அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. வரைவை இரண்டாகக் கிழித்தாள். பிறகு, அந்த வீட்டில் பேனா பிடித்த யாரும் அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"அம்மா. உன் முகத்தை நான் வரையலாமா?"

தொமோயே கிழிந்த இரண்டு பாதியையும் எடுத்து அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"ஊருக்கு வேணாம்," என்றாள். "உனக்குன்னா வரை."

ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். சியோரி வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். முதல் கோட்டுக்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது. இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கியிருந்தது, கடல் வெயிலில் கன்னம் கறுத்திருந்தது. அப்பா கேலியாக நெற்றிக்கு மேலே ஏற்றிவிடுவாரே, அந்தப் புருவம் இரண்டும் நரைத்துச் சாதாரணமாகப் படிந்திருந்தன. அவை உண்மையில் அவ்வளவு உயரம் எழும்பியதே இல்லை என்பது சியோரிக்கு அப்போதுதான் தெரிந்தது. வரைகிறவள் கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் கோடு போய்விடும். அதைத் தெரிந்துகொண்டுதான் தொமோயே அந்த நேரம் பார்த்துச் சொன்னாளோ என்னவோ.

"மன்னிச்சுடு, சியோ."

கண்ணீர் எதுவும் இல்லை. சொல்லிவிட்டு, வரைவதற்கு வசதியாக அசையாமல் இருந்தாள். சியோரி தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாகிவிட்டது. உதடு வரைய வேண்டியிருந்தது, வரைந்தாள்.

முடித்ததும் தொமோயே படத்தை வாங்கிப் பார்த்தாள். வயசாயிடுச்சே என்று ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு நேராக மாடத்துக்குப் போனாள். ஊதுபத்தி ஏற்றி, மணியை ஒரு தட்டுத் தட்டி, கைகூப்பினாள். அங்கே படைத்திருந்த சோற்றுக் கிண்ணத்தின் மேல் சாய்த்து, வரைந்த பக்கம் கணவரின் படத்தைப் பார்க்கும்படி அந்தத் தாளை நிற்க வைத்தாள்.

"அவரும் பாக்கட்டும். ரொம்ப நாள் காத்திருந்தார்."

கடைசிப் பக்கத்தைச் சேர்ந்து முடித்தார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்த கொமுகியை சியோரி வெள்ளை மை வைத்து அழித்துவிட்டு, எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் நிற்கிற மாதிரி போட்டாள், அருகே அடுப்பில் மீன் ஒன்று கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் முதுகு. மகளின் முதுகை மகள் வரைந்தாள். கருகுகிற மீனுக்கு முன்னால் யாரும் இவ்வளவு விறைப்பாக நிற்க மாட்டார்கள், தோளை இறக்கு என்று தொமோயே இரண்டு தரம் அழிக்கச் சொன்னாள். பிறகு, உலர்ந்துவிட்ட தன் முதுகின் தலையை மட்டும் அவளே வெள்ளை வைத்து அழித்து, மகள் பக்கம் கொஞ்சம் சாய்த்து வரைந்தாள். இந்தத் தடவை காதோடு நிற்கவில்லை. காதைத் தாண்டி, கன்னத்தின் விளிம்பு ஒரு கோடாக வந்தது.

மறுநாள் காலை வெயில் அடித்தது. பக்கங்களை வாங்கிப் போக வந்த நிஷிகாதா, மேஜையருகே நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கத்தில் பேச்சு இரண்டே இரண்டுதான். மீன் கருகுது என்கிறாள் கொமுகி. தெரியும் என்கிறாள் அம்மா. நிஷிகாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு தொழில் ஞாபகம் வந்தது.

"அருமையா வந்திருக்கு, மேடம். ஆனா முகம்? வாசகர்கள் எத்தனை வருஷமாக் காத்திருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒரு கன்னம் குடுத்திருக்கோமே," என்றாள் சியோரி.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, வந்தவர்கள் செய்கிற வழக்கப்படி, பெரியவருக்கு ஒரு ஊதுபத்தி ஏற்ற மாடத்தின் முன்னால் போய் மண்டியிட்டார். சோற்றுக் கிண்ணத்தில் சாய்ந்து நின்ற தாள் அவர் கண்ணில் பட்டது. அவர் பக்கம் தெரிந்தது வெறும் வெள்ளை முதுகுதான். பத்திரிகைக்காரர் கை சும்மா இருக்குமா, திருப்பிப் பார்க்க நீண்டது.

"அது அவருக்கு, தம்பி," என்றாள் தொமோயே, தேநீர் ஊற்றிக்கொண்டே.

நிஷிகாதா கையை இழுத்துக்கொண்டு மணியைத் தட்டினார். தாளின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர். மூன்றாமவர் படத்துக்குள்ளிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.